‘படங்கள்’ ஏன் ‘டங்கள்’ ஆனது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாடகக் குழுவின் பழைய அழைப்பிதழ்கள், மேடைப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ‘தொகுப்பு’ என்ற கோப்புறையில் வைத்திருக்கிறீர்கள். அதற்குள் ‘பக்கங்கள்’, ‘படங்கள்’ என்று இரண்டு கோப்புறைகள். ஒரு ஸ்கிரிப்ட் ஆண்டுவாரியாகப் பட்டியல் பக்கங்களை உருவாக்கி, பக்கத்திலிருந்து படத்துக்கு இணைப்புப் போடுகிறது. முழுப் பாதை கொடுத்திருந்தபோது வீட்டில் எல்லாம் திறந்தது. தம்ப்டிரைவில் போட்டுச் சமூக மன்றத்துக்குக் கொண்டுபோனதும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. அதனால் சார்புப் பாதைக்கு மாறினீர்கள். அதாவது உச்சியிலிருந்து தொடங்காமல், நிற்கும் இடத்திலிருந்து ‘இரண்டு படி மேலே போ, பிறகு இந்தக் கோப்புறைக்குள் இறங்கு’ என்று வழி சொல்லும் பாதை. கோப்புறைகளுக்கு பேஜஸ், ஸ்கேன்ஸ் என்று ஆங்கிலப் பெயர் இருந்தவரை ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடியது. தமிழுக்கு மாற்றியதும் ‘../../டங்கள்/2019/மேடை’ என்று வருகிறது, ‘ப’வைக் காணோம். இரவில் தானாக ஓடும்போது இன்னும் மோசம், பெயரின் தொடக்கத்தில் கேள்விக்குறி போட்ட கட்டம் வருகிறது. தமிழில் பெயர் வைத்ததுதான் தவறு என்று இருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சார்புப் பாதையை ஸ்கிரிப்டில் சரியாகக் கணக்கிடுவது எப்படி, பெயர்களை ஆங்கிலத்துக்கே மாற்றிவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

பெயர்களை மாற்ற வேண்டாம். தமிழ்மீது எந்தத் தவறும் இல்லை. தவறு பாதையை வெட்டும் விதத்தில் இருக்கிறது. அது ஆங்கிலப் பெயர்களிலும் இருந்தது, உங்களுக்கு அகப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். நான் 19 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கத்தில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கோப்புகளை இடம் மாற்றுவதும், மாற்றியபின் உடைந்த இணைப்புகளைத் தேடிச் சரிசெய்வதும் அதில் பெரும் பகுதி. உங்கள் ஸ்கிரிப்டை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய வெளியீட்டை மட்டும்தான் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு வரியே நிறையச் சொல்கிறது.

சார்புப் பாதை என்பதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கில் வழி சொல்வதுபோல நினைத்துப் பாருங்கள். எட்டாவது மாடியில் ஒரு வீட்டிலிருந்து அதே மாடியில் இன்னொரு வீட்டுக்குப் போக மின்தூக்கியில் கீழ்த்தளம் வரை இறங்குவதில்லை. பக்கத்துப் புளோக்குக்குப் போக வேண்டுமானால் இறங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் பேட்டையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இரண்டு வீடுகளுக்கும் பொதுவான இடம் எதுவோ அதுவரை போய், அங்கிருந்து மறுபக்கம் திரும்புகிறோம். கோப்புறைக் கணக்கும் இதுதான். இரண்டு இடங்களுக்கும் முழுப் பாதையை எடுங்கள். சாய்கோடு வரும் இடத்திலெல்லாம் உடைத்துப் பெயர்ப் பட்டியல்களாக்குங்கள். முதல் பெயரோடு முதல் பெயர், இரண்டாவதோடு இரண்டாவது என்று ஒப்பிட்டு, எதுவரை ஒன்றாக இருக்கிறது என்று பாருங்கள். கிளம்பும் பக்கத்தில் மீதி எத்தனை பெயர்களோ அத்தனை முறை இரட்டைப் புள்ளி (‘..’, அதாவது ஒரு படி மேலே). அதன் பின்னால், போய்ச் சேரும் பக்கத்தில் மீதியிருக்கும் பெயர்கள். மீதி எதுவுமே இல்லாமல் இரண்டும் ஒரே இடமாக இருந்தால் ஒற்றைப் புள்ளி. இந்தக் கடைசி நிலையைப் பலர் மறந்து, எழுத்தே இல்லாத வெறும் சரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெறும் சரம் பிறகு வேறொரு பாதையோடு ஒட்டப்படும்போது ‘/2019’ போல ஆகி, உச்சியிலிருந்து தேட ஆரம்பித்துவிடும்.

உங்கள் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். பக்கம் இருக்கும் இடம் ‘/தொகுப்பு/பக்கங்கள்/2019’. படம் இருக்கும் இடம் ‘/தொகுப்பு/படங்கள்/2019/மேடை’. பெயர் பெயராக ஒப்பிட்டால் ‘தொகுப்பு’ மட்டும் பொது. கிளம்பும் பக்கத்தில் மீதி இரண்டு, ஆகவே ‘../../’. அதன்பின் ‘படங்கள்/2019/மேடை’. உங்கள் ஸ்கிரிப்டோ எழுத்து எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறது. ‘/தொகுப்பு/ப’ வரை இரண்டும் ஒன்றுதானே! அதுவரை பொது என்று வெட்டியபின் ஒரு பக்கம் ‘க்கங்கள்/2019’, மறுபக்கம் ‘டங்கள்/2019/மேடை’. ஏறும் படிகளின் எண்ணிக்கை தற்செயலாகச் சரியாகவே வந்துவிட்டது, பெயரின் தலை மட்டும் போய்விட்டது. பேஜஸ், ஸ்கேன்ஸ் என்ற பெயர்கள் வெவ்வேறு ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் அப்போது தப்பித்தீர்கள். பேஜஸ், போட்டோஸ் என்று வைத்திருந்தால் ஆங்கிலத்திலும் இதே விபத்துதான். ஆண்டுக் கோப்புறைகளிலும் இது வரும். 2018-லிருந்து 2019-க்குப் பாதை கேட்டுப் பாருங்கள், ‘201’ பொது என்று வெட்டிவிட்டு ‘../9’ என்று தரும். புளோக் 12-ஐயும் புளோக் 12ஏ-யையும் ஒரே கட்டடம் என்று நினைத்த தபால்காரர்போல.

இந்தத் தவறு நீங்கள் மட்டும் செய்வது கிடையாது. பைத்தானில் ‘காமன்பிரிஃபிக்ஸ்’ என்று ஒரு செயற்கூறு பாதைகளுக்கான தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. பாதைகளுக்கானது என்று நம்பித்தான் எல்லாரும் எடுப்பார்கள். ஆனால் அது எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். பெயர் பெயராக ஒப்பிடும் ‘காமன்பாத்’ 2015-ல் வந்த 3.5 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய விடைகளை நகலெடுத்தால் பழைய செயற்கூறுதான் வரும்.

எழுத்து எழுத்தாக வெட்டுவது தமிழில் இன்னொரு வகையிலும் கண்ணுக்குத் தெரியும். நாம் ஓர் எழுத்து என்று படிப்பது கணினிக்குப் பல நேரம் இரண்டு குறிகள். ‘நாடகம்’, ‘நிகழ்ச்சி’ என்று இரண்டு கோப்புறைகள் இருந்தால் ‘ந’ பொது என்று வெட்டிவிடும். மீதியில் துணைக்கால் மட்டும் தனியாக நிற்கும், திரையில் அதற்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரியும். அப்படி ஒரு வட்டத்தைப் பாதையில் எங்கே கண்டாலும், யாரோ எழுத்தின் நடுவில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி இரவு விஷயம். இதுவரை சொன்னது உறுதி. இது ஊகம், ஆனால் வலுவான ஊகம். தானாக ஓடும் கிரான் வேலைகளுக்கு நீங்கள் டெர்மினலில் வைத்திருக்கும் மொழி அமைப்பு பெரும்பாலும் போய்ச் சேராது. மொழி அமைப்பு இல்லாதபோது பாஷ் (நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் நிரல்) எழுத்துகளைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைத்தான் பார்க்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘ப’ என்றால் 224, 174, 170. ‘ந’ என்றால் 224, 174, 168. ‘அ’ என்றால் 224, 174, 133. கவனித்தீர்களா? உயிரோ மெய்யோ, ஒரு தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கினாலும் முதல் இரண்டு பைட்டுகள் 224, 174-தான். ஆகவே பைட் பைட்டாக ஒப்பிடும் ஸ்கிரிப்டுக்கு உலகத்தில் உள்ள எந்த இரண்டு தமிழ்ப் பெயர்களும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும். அந்த இரண்டு பைட்டையும் பொது என்று வெட்டியெறிந்தால் மூன்றாவது பைட் அநாதையாக நிற்கும், அதைத்தான் திரை கேள்விக்குறிக் கட்டமாகக் காட்டுகிறது. ‘தமிழ் வைத்தால் உடைகிறது’ என்று சொன்னவர்கள் பார்த்ததும் அநேகமாக இதைத்தான். பார்த்தது உண்மை, காரணம் சொன்னதுதான் பிழை.

யூடிஎஃப்-8-ஐ அமைத்தவர்கள் இந்த இடத்தை மறந்துவிடவும் இல்லை. 1992-ல் கென் தாம்சன் அதை வடிவமைத்தபோது கோப்பு முறைமை உடையக் கூடாது என்பது முதல் நிபந்தனைகளில் ஒன்று. அதன் ஆரம்பப் பெயரிலேயே ‘கோப்பு முறைமைக்குப் பாதுகாப்பானது’ என்ற பொருள் இருந்தது. சாய்கோட்டின் எண் 47. ஆங்கிலம் அல்லாத எந்த எழுத்தின் பைட்டும் 128-க்குக் கீழே வராது. எனவே ஒரு தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள் சாய்கோடு ஒளிந்திருக்க வழியே இல்லை. சாய்கோட்டில் மட்டும் உடையுங்கள், மொழி அமைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழோ சீனமோ எதுவும் சிதையாது. மற்ற எந்த இடத்தில் வெட்டினாலும் உத்தரவாதம் கிடையாது.

சரி, கையால் எழுத வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். பைத்தான் இருக்கும் கணினியில் ‘ரெல்பாத்’ போதும் (தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்பை எழுதுகிறேன்). 2008-ல் வந்த 2.6 பதிப்பு முதலே இருக்கிறது. சேர வேண்டிய இடத்தை முதலிலும் கிளம்பும் கோப்புறையை இரண்டாவதாகவும் கொடுங்கள். புதிய பாணியில் ‘பாத்லிப்’ பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் உள்ள ‘ரிலேட்டிவ்_டூ’ மேலே ஏறாது, கீழே இறங்க மட்டும்தான் தெரியும், பக்கத்துக் கிளையைக் கேட்டால் பிழை என்று நின்றுவிடும். 2023-ல் வந்த 3.12 பதிப்பில்தான் ‘வாக்_அப்’ என்ற தேர்வு சேர்ந்து ஏறவும் கற்றுக்கொண்டது. பெர்லில் ‘ஏபிஎஸ்2ரெல்’ இருக்கிறது. லினக்ஸ் ஷெல்லில், குனூ என்ற கருவித் தொகுப்பின் ‘ரியல்பாத்’ கட்டளைக்கு ‘ரிலேட்டிவ்-டூ’ என்ற தேர்வு உண்டு. மேக்கில் உள்ள ரியல்பாத்தில் அந்தத் தேர்வு இல்லை, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. கிளம்பும் இடம் என்று நீங்கள் கொடுப்பதைக் கோப்புறை என்றே அவை எடுத்துக்கொள்ளும். பட்டியல் பக்கத்தின் கோப்புப் பெயரையே கொடுத்துவிட்டால் அதையும் ஒரு படியாக எண்ணி, ஒரு இரட்டைப் புள்ளி கூடுதலாகப் போட்டுவிடும். பக்கம் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கூடுதல் புள்ளி சில இடங்களில் வெளியே தெரியாமலே போகும், அதுதான் ஆபத்து. உச்சிக்கு மேலே ஏறச் சொன்னால் கணினி மறுக்காது, உச்சியிலேயே நின்றுவிடும், உலாவியும் அப்படியே. தொகுப்பின் உள்ளே இருப்பவற்றைத் தம்ப்டிரைவின் உச்சியில் நேரடியாகக் கொட்டியிருந்தால் தவறான பாதையும் சரியாகத் திறக்கும். வீட்டுக் கணினியில் நாலு கோப்புறைக்கு அடியில் வைத்ததும் உடையும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். பாதையைக் கணக்கிடுவதற்கு முன்னால், இந்தப் பாதையை யார் படிக்கப்போகிறார்கள், அவர் எங்கே நின்றுகொண்டு படிப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைப் புள்ளிக்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதில்லை. நீங்கள் 2012-க்கு முந்தைய படங்களை இடம் போதாமல் இன்னொரு வட்டில் வைத்து, ‘படங்கள்’ கோப்புறைக்குள் சிம்லிங்க் (இன்னொரு இடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இது கடிக்கும். ‘/தொகுப்பு/படங்கள்/2011’ என்பது உண்மையில் ‘/வட்டு2/பழையவை/2011’-ஐச் சுட்டும் இணைப்பு என்று வையுங்கள். டெர்மினலில் அந்த 2011-க்குள் போங்கள். இப்போது ‘சிடி ..’ என்று தட்டினால் ‘/தொகுப்பு/படங்கள்’ வந்து சேர்வீர்கள், ஏனென்றால் ஷெல் நீங்கள் வந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது. திரும்ப உள்ளே போய் ‘எல்எஸ் ..’ என்று தட்டுங்கள். ‘/வட்டு2/பழையவை’-யில் இருப்பவை வரிசையாக வரும், ஏனென்றால் இயங்குதளத்துக்கு நீங்கள் வந்த வழி தெரியாது, அது வட்டில் உண்மையான தாய்க் கோப்புறையைத்தான் பார்க்கும். ஒரே இடம், ஒரே இரண்டு புள்ளிகள், இரண்டு விடைகள். இதை ஒருமுறை உங்கள் கையால் தட்டிப் பாருங்கள், நான் பத்துப் பத்தி எழுதினாலும் அவ்வளவு தெளிவு வராது.

கருவிகளும் இப்படியே இரு கட்சி. பைத்தானின் ரெல்பாத் வட்டைத் தொடுவதே இல்லை, எழுத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும். குனூ ரியல்பாத் முதலில் எல்லாச் சிம்லிங்கையும் அவிழ்த்து உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கணக்கிடும். உங்கள் 2011 படத்துக்கு ரியல்பாத் தரும் விடை ‘../../../வட்டு2/பழையவை/2011’ என்று தொகுப்பையே விட்டு வெளியே போய்விடும். வீட்டில் அது திறக்கும், சமூக மன்றத்தில் ‘வட்டு2’ இருக்காது. அவிழ்க்காதே என்று சொல்ல ‘எஸ்’ என்ற தேர்வு அதில் இருக்கிறது, அதைப் போட்டால் பைத்தான் போலவே எழுத்துக் கணக்காகச் செய்யும். உங்கள் பாதையைப் படிக்கப்போவது உலாவி. உலாவி இரட்டைப் புள்ளியை எழுத்தளவிலேயே, கோப்பைக் கேட்பதற்கு முன்பே சுருக்கிவிடும். ஆகவே உங்களுக்கு எழுத்துக் கணக்குதான் சரி. இதுவே நீங்கள் ஸ்கிரிப்டால் சிம்லிங்க் உருவாக்குவதாக இருந்தால் படிக்கப்போவது இயங்குதளம், அப்போது அவிழ்த்த கணக்குதான் சரி. சிம்லிங்குக்குள் எழுதும் பாதை அந்த இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து படிக்கப்படும், நீங்கள் கட்டளை தட்டிய இடத்திலிருந்து அல்ல. இதில் தடுமாறாதவர்களை நான் பார்த்ததில்லை. 2012-ல், சிம்லிங்க் உருவாக்கும் குனூவின் ‘எல்என்’ கட்டளைக்கு ‘ஆர்’ என்ற தேர்வு வந்தபின் அந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்கிறது.

தம்ப்டிரைவுக்கு நகல் எடுக்கும்போது இன்னொன்று. தம்ப்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 வடிவில் இருக்கும். அவற்றில் சிம்லிங்க் என்ற பொருளே கிடையாது. நகல் எடுக்கும் கட்டளையில் இணைப்பைத் தொடர்ந்துபோய் உண்மையான கோப்பை எடு என்று சொல்லும் தேர்வைப் போடுங்கள், ‘சிபி’யிலும் ‘ஆர்சிங்க்’கிலும் அது பெரிய எழுத்து ‘எல்’. அப்போது பழைய படங்களும் ‘படங்கள்’ கோப்புறைக்குள்ளேயே உண்மையாக வந்து உட்கார்ந்துவிடும், எழுத்துக் கணக்குப் பாதை அப்படியே பொருந்தும்.

உலாவிதான் படிக்கிறது என்பதால் கோப்புப் பெயர்களில் வரும் சில குறிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் கேள்விக்குறியோ எண் குறியோ (#) இருந்தால் உலாவி அதோடு பாதை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். பெயரில் சதவீதக் குறி இருந்தால் அதையும் தவறாகப் படிக்கும். பாதையைக் கணக்கிட்டபின், இணைப்பில் எழுதுமுன், ஒவ்வொரு பெயரையும் சதவீதக் குறியாக்கம் செய்ய வேண்டும், பைத்தானில் அதற்கு ‘குவோட்’ செயற்கூறு இருக்கிறது. வரிசை முக்கியம், முதலில் கணக்கு, அப்புறம் குறியாக்கம். ஒரே கோப்புறையில் உள்ள கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் முன்னால் ‘./’ சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் முக்காற்புள்ளிக்கு முன் உள்ளதை உலாவி ‘எச்டிடிபி’ போன்ற ஒன்றாக எடுத்துக்கொள்ளும்.

தமிழுக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு, ‘தொகுப்பு’ என்ற பெயரிலேயே அது இருக்கிறது. ‘தொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘கோ’, ‘கௌ’ போன்றவற்றுக்கும் இதே நிலைதான். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். உங்கள் குழுவில் யாராவது பழைய மேக்கில் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தால், ஒரே கோப்புறையில் ‘தொகுப்பு’ என்று இரண்டு இருப்பதைக்கூட நீங்கள் ஒருநாள் பார்க்கக்கூடும். பாதைக் கணக்கில் இதன் அடையாளம், பொதுவாக இருக்க வேண்டிய பெயரைப் பொது என்று கண்டுகொள்ளாமல் தேவைக்கு மேல் ஏறி, அதே பெயருக்குள் மறுபடி இறங்குவது. இதற்கு ஸ்கிரிப்டில் ஒட்டுப்போடாதீர்கள். ‘கன்வ்எம்வி’ என்ற கருவியால் எல்லாப் பெயர்களையும் ஒருமுறை சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். முதலில் ஒத்திகை ஓட்டத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு, பிறகு உண்மையாக மாற்றுங்கள்.

நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ‘அழைப்பிதழ்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி, வட்டில் 30 பைட். அந்தக் கணக்கில் 85 தமிழ்க் குறிகள்தான் இடம் பெறும். விண்டோஸ் 255 என்பதை வேறு அலகில் எண்ணுவதால் அங்கே ஏற்றுக்கொண்ட நீளமான தமிழ்ப் பெயரை லினக்ஸ் மறுக்கும். நாடகத்தின் பெயர், இயக்குநர், அரங்கம், தேதி எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் பழக்கம் இருந்தால் இது ஒருநாள் எதிரே வரும்.

இத்தனை சொல்லியும் ஏன் ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம் என்கிறேன்? ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் என்று இருந்த காலத்தில் தமிழில் கோப்புப் பெயர் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு காண, 1997-ல் தமிழ் இணைய முன்னோடி நா. கோவிந்தசாமி முன்நின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு இதே சிங்கப்பூரில்தான் கூடியது. அவர் 1999-ல் காலமாகிவிட்டார். இன்று ‘அழைப்பிதழ்’ என்று தட்டினால் அழைப்பிதழ் வருகிறது. உங்கள் தொகுப்பை நாளை திறந்து பார்க்கப்போகும் பேரப்பிள்ளைக்கு அந்தக் கோப்புறைப் பெயர்களும் தொகுப்பின் ஒரு பகுதிதான். நாலு வரி ஸ்கிரிப்டைத் திருத்துவதற்குச் சோம்பி அதை இழக்க வேண்டாம்.

கடைசியாக, சோதிப்பது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வரைபடங்கள் இருந்த சர்வரைப் புதிதாக்கினோம். இணைப்புகள் எல்லாம் சார்புப் பாதை என்று நம்பினோம், இரண்டு வாரம் எல்லாம் திறந்தன. பழைய சர்வரை அணைத்த அன்று காலை வரைபடப் பிரிவில் பாதிக்குப் பாதி திறக்கவில்லை. ஸ்கிரிப்ட் ஒரு கிளைக்கு மட்டும் முழுப் பாதையை எழுதியிருந்தது, பழைய சர்வர் இன்னும் இணைந்திருந்ததால் அது எங்களுக்குத் தெரியவே இல்லை. அன்று முதல் நான் இரண்டு சோதனை செய்யாமல் எதையும் கையளிப்பதில்லை. ஒன்று, ஸ்கிரிப்டிலேயே, கிளம்பும் கோப்புறையோடு வந்த விடையை ஒட்டிச் சுருக்கிப் பார்த்து, சேர வேண்டிய இடமே திரும்ப வருகிறதா என்று ஒப்பிடுவது. ‘டங்கள்’ இந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். இரண்டு, தொகுப்பை முழுவதுமாக நகலெடுத்து வேறு பெயருள்ள கோப்புறைக்குள், உச்சியிலிருந்து மூன்று நான்கு படி ஆழத்தில் வைத்து, அசல் தொகுப்பின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, நகலைத் திறப்பது. அசல் அங்கே இருந்தால் நகலின் தவறை அது மூடி மறைத்துவிடும்.

நகலில் 2019, 2018 இரண்டு பட்டியல்களையும், சிம்லிங்க் வழியாக வரும் 2011-ஐயும் சொடுக்கிப் பாருங்கள். இவை மூன்றும் திறந்தால் சமூக மன்றத்திலும் திறக்கும். அங்குள்ள கணினி விண்டோஸ் என்றால், கோப்பு நீட்சியில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் அது வேறுபாடு பார்க்காது, வீட்டு லினக்ஸ் பார்க்கும். ஆகவே சோதனையை லினக்ஸிலேயே செய்யுங்கள். எங்காவது நின்றுவிட்டால், ஸ்கிரிப்டில் பொதுப் பகுதியை வெட்டும் அந்தச் சில வரிகளையும் கிரானில் எழுதியிருக்கும் வரியையும் மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.